வேரியபிள் ஸ்பீடு மர லேத் வாங்கிட்டீங்களா? ஆன் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

மரக் கடைசல் கத்துக்கணும்னு ஆசைப்பட்டு வேரியபிள் ஸ்பீடு லேத் ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கீங்க, இல்ல போடப் போறீங்கன்னா இது உங்களுக்குத்தான். மெஷினோட வர்ற புக்ல பாதி பக்கம் எச்சரிக்கை எச்சரிக்கைன்னே இருக்கும், ஏன்னு ஒரு வரி இருக்காது. யூடியூப்ல சொல்லித் தர்றவங்க முக்காவாசி பேர் கரண்ட் கட்டே தெரியாத ஊர்க்காரங்க. நம்ம ஊரு கடைசல் பட்டறையில போய் கேட்டா "பாத்து பண்ணுங்க தம்பி"ன்னு அன்பாத்தான் சொல்வாங்க, ஆனா எதைப் பாக்கணும்ங்கிறது அவங்களுக்கு கையில இருக்கு, வாயில வராது. துண்டு துண்டா பொறுக்கி இதையெல்லாம் சேக்குறதுக்குள்ள நான் பட்ட பாடு போதும், நீங்களும் படவேணாம்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன். அந்த ஸ்பீடு டயல் பாதுகாப்பு சாதனம் கிடையாது. "டயல் இருக்குல்ல, மெதுவா வெச்சு ஓட்டிக்கலாம்"னு நினைச்சுத்தான் நிறைய பேர் இதை வாங்குறாங்க. ஆனா கட்டை பறக்குறதும் உளியைப் புடுங்குறதும் பெரும்பாலும் ஆன் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது: கட்டையை எப்படி மாட்டுனீங்க, பெல்ட் எந்த புல்லியில கிடக்கு, நீங்க எங்க நிக்கிறீங்க. அதனால கீழ இருக்கிறதுல பெரும்பகுதி மெஷின் ஓடாதப்ப செய்யவேண்டிய வேலை.

1. வாங்குறப்பவே: பில்லு, பணம், நாள்

மெஷினுக்கு மட்டும் காசு எடுத்து வெச்சா பத்தாது. உளி செட்டு, சக் (கட்டையைத் தாடையால கவ்விப் பிடிக்கிற சாதனம்), சாணை மெஷின், ஃபேஸ் ஷீல்டு, மாஸ்க், உப்புத்தாள் எல்லாம் சேத்தா மெஷின் விலை அளவுக்கே இன்னொரு பங்கு வரும்னு கணக்கு வெச்சுக்கோங்க. பட்ஜெட் இடிச்சா சின்ன லேத்தா வாங்குங்க, ஃபேஸ் ஷீல்டுலயும் சாணையிலயும் கை வெக்காதீங்க. 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு, விலை சொல்றப்ப அது சேத்தா சேக்காமலான்னு முதல் ஃபோன்லயே கேட்டுருங்க. வெளிநாட்டுல இருந்து நேரா வரவழைக்கிற ஐடியா இருந்தா டியூட்டி, க்ளியரிங், லாரி வாடகைன்னு தனியா ஒரு கதை ஓடும். அதுவும் அந்த ஊருக்கு 110 வோல்ட் மோட்டார் போட்டு வர்ற மெஷினை இங்க நேரா சொருக முடியாது.

பில்லுல மெஷின் சீரியல் நம்பர் இருக்கணும். வாரண்டி கார்டு, மேனுவல், ஸ்பேர் பார்ட்ஸ் படம் மூணையும் கேட்டு வாங்குங்க. பார்சல் சர்வீஸ்ல வந்தா எல்ஆர் (லாரி ரசீது) காப்பியில கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பெட்டியைச் சுத்திப் பாருங்க, இடிபட்டிருந்தா அதை அந்தத் தாள்லயே எழுதிக் கையெழுத்து போடுங்க, பிரிக்கிறதை வீடியோ எடுங்க. வார்ப்பு இரும்பு பெட் (மெஷினோட நீளமான அடித்தண்டு) விரிசல் விட்டா வெளியில பாத்தா தெரியாது, பின்னாடி க்ளெய்ம் பண்றப்ப வீடியோ இல்லன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஸ்பிண்டில் (சக் மாட்டுற சுத்துற தண்டு) த்ரெட் அளவைக் கேளுங்க. 1 இன்ச் 8 டிபிஐ (1 இன்ச் தடிமன், இன்ச்சுக்கு 8 புரி) ஒரு வகை, எம்33 (33 மில்லிமீட்டர் தடிமன்) இன்னொரு வகை, ரெண்டுமே சகஜம். த்ரெட் தெரியாம சக் வாங்கினா மாட்டவே மாட்டாது, திருப்பி அனுப்பி மாத்துறதுக்குள்ள வாரக் கணக்குல ஓடிடும். மெஷின் வந்துருச்சு சக் வரலங்கிற அந்த இடைவெளியிலதான் ஆளுங்க கையில கிடைச்ச ஸ்குரூவைப் போட்டு எதையாவது முடுக்கி ஓட்டிப் பாப்பாங்க. ரெண்டும் சேந்து வர்ற மாதிரி போடுங்க.

2. இடமும் கரண்டும்

ஸ்பிண்டில் நடுப்பகுதி உங்க முழங்கை உயரத்துல இருக்கணும். தாழ்வா இருந்தா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகும், அது கூட பரவால்ல, குனிஞ்சா மூஞ்சி கட்டைக்கு நேரா வந்துரும். ஸ்டாண்டோட கீழ் தட்டுல மணல் மூட்டை போட்டு கனமாக்குங்க. தரை டைல்ஸா இருந்தா ரப்பர் மேட் ஒண்ணு விரிங்க, மரத்தூள் விழுந்தா டைல்ஸ் வழுக்கும்.

1 ஹெச்பி மோட்டார்னா 746 வாட். ஏசியை விட கம்மிதானேன்னு தோணும், ஆனா உளி கடிச்சு மோட்டார் திணறுற நேரத்துல இழுக்குற கரண்ட் வேற. எர்த் ஒழுங்கா இருக்கிற 16 ஆம்ப் பிளக், தனி எம்சிபி, இது ரெண்டும் கட்டாயம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் செக் பண்ணச் சொல்லுங்க, வாடகை வீடுகள்ல மூணு ஓட்டை இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது. எக்ஸ்டென்ஷன் போட்டே ஆகணும்னா 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர்ல போடுங்க, சுருட்டி வெச்சே ஓட்டாதீங்க, சூடாகும். வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல லேத் பிளக்கைச் சொருகவே சொருகாதீங்க.

இப்ப அந்த கரண்ட் கட் விஷயம். லேத் ஓடிட்டிருக்கு, கரண்ட் போகுது, நீங்க சலிச்சுக்கிட்டு டூல் ரெஸ்ட்டை (உளியைத் தாங்குற கட்டை) நகத்துறீங்க, கட்டையில கை வெச்சுப் பாக்குறீங்க, கரண்ட் திரும்ப வருது. சாதா ஸ்விட்ச் இருக்கிற மெஷின்னா அப்படியே ஓட ஆரம்பிச்சுரும். நல்ல மெஷின்ல நோ வோல்ட் ஸ்விட்ச் இருக்கும், கரண்ட் வந்தாலும் நீங்க பட்டன் அழுத்துனாத்தான் ஓடும். உங்க மெஷின் எந்த ரகம்னு முதல் நாளே டெஸ்ட் பண்ணுங்க: கட்டை, சக் எதுவும் மாட்டாம குறைஞ்ச வேகத்துல ஓடவிட்டு, சுவத்து ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க, ஒரு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க. தானா சுத்துச்சுன்னா எலக்ட்ரிக்கல் கடையில நோ வோல்ட் ஸ்விட்ச் கேட்டு வாங்கி மாட்டிட்டு அப்புறம்தான் மத்த வேலை. தானா சுத்தலன்னாலும் கரண்ட் போனா முதல்ல பச்சை பட்டனை மறந்துட்டு சிவப்பு பட்டனை அழுத்துற பழக்கம் வேணும், அதோட டயலையும் சைபருக்குக் கொண்டுபோயிருங்க. ஏன்னா திரும்ப ஆன் பண்றப்ப அது பழைய 2000 ஆர்பிஎம்லயே (நிமிஷத்துக்கு 2000 சுத்து) எழும்பும்.

இந்த டெஸ்ட்டைத் தவிர சுவத்து ஸ்விட்ச்சை வெச்சு லேத்தை ஓட்டி நிறுத்துற பழக்கம் வேணாம், உள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு சீக்கிரம் போயிரும். பிளக்கைப் புடுங்குனதும் மோட்டார் மூடியைக் கழட்டாதீங்க, கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் சார்ஜ் நிக்கும்.

3. உடம்புல என்ன இருக்கலாம், என்ன கூடாது

வேட்டி, லுங்கி, துப்பட்டா, முழுக்கை சட்டை, கழுத்து செயின், வாட்ச், மோதிரம், ஐடி கார்டு, வயர் ஹெட்ஃபோன் எதுவும் கூடாது. இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். நம்ம ஆளுங்க மறக்குறது மணிக்கட்டுல கட்டுன கோயில் கயிறு. அது இறுக்கமா கையோட ஒட்டி இருந்தாலும் நுனி ஒண்ணு தொங்கும், அது போதும். அவுக்க மனசு இல்லன்னா அதுக்கு மேல டேப் ஒரு சுத்து சுத்துங்க. முடி நீளமா இருந்தா கொண்டை போட்டு தொப்பிக்குள்ள.

கையுறை போடக்கூடாது. கைக்குப் பாதுகாப்புன்னு தோணுற ஒரே பொருள் லேத்துல ஆபத்தா இருக்கிறது இதுதான். கையுறை சிக்குனா விரலையும் சேத்து இழுத்துட்டுத்தான் போகும், வெறும் கைன்னா தோல் உரிஞ்சு தப்பிச்சிரும்.

கண்ணாடி மட்டும் பத்தாது, முழு முகத்தை மூடுற ஃபேஸ் ஷீல்டு வேணும். மெடிக்கல் கடையில கொரோனா நேரத்துல வித்த மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட் அது இல்ல, அது எச்சில் தெறிக்காம இருக்கிறதுக்கு செஞ்சது. பாலிகார்பனேட்ல, இம்பாக்ட் ரேட்டிங் போட்டது வாங்குங்க, மேல "இசட்87+"ங்கிற முத்திரை இருக்கான்னு பாருங்க. உள்ள சாதா சேஃப்டி கிளாஸும் போட்டுக்கிட்டா நல்லது. காலுக்கு மூடுன ஷூ, உளி கையை விட்டு நழுவுனா முனை கீழ பாத்துத்தான் விழும்.

மாஸ்க் என்95. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூளை மனுஷனுக்கு புற்றுநோய் வரவைக்கிற பொருள்னே லிஸ்ட்ல வெச்சிருக்கு, அதனால தேய்க்கிறப்ப மட்டுமாவது மாஸ்க் இல்லாம நிக்காதீங்க. ஷெட்டு கதவை உள்பக்கமா தாழ் போடாதீங்க. ஃபோன் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும், 108 யாருக்குன்னாலும் தேவைப்படலாம்.

4. கட்டை தேர்ந்தெடுக்கிறது

முதல் கட்டைக்கு பூவரசு, மா, வேம்பு, கொய்யா இதுல எது கிடைச்சாலும் சரி. தேக்கு வேணாம், காசும் ஜாஸ்தி, அதுல இருக்கிற சிலிக்கா உளி முனையைச் சீக்கிரம் மழுக்கிடும், மழுங்குன உளிதான் கடிக்கும். புளி வைரம் பாஞ்சதுன்னா பழகுன கைக்கே தண்ணி காட்டும். அரளி, எட்டி மாதிரி விஷ மரங்களைத் தொடவே வேணாம், தூளும் கெடுதல், அதுல கிண்ணம் கடைஞ்சு சாப்பாட்டுக்கு வெச்சா அதைவிடக் கெடுதல்.

ரோட்டோர மரம் வெட்டுனதுன்னு யாராவது சும்மா குடுத்தா சந்தோஷமா வாங்குங்க, ஆனா காந்தம் வெச்சு சுத்தி ஓட்டிப் பாருங்க. விளம்பரப் பலகை அடிச்ச ஆணி மரத்துக்குள்ளயே முழுங்கிக் கிடக்கும். பேக்கிங் பெட்டிக் கட்டைல ஆணியோட இன்னொரு பிரச்சனை மருந்து. "எம்பி"ன்னு ஆங்கிலத்துல முத்திரை இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது, விட்டுருங்க. "ஹெச்டி"ன்னா சூடு மட்டும் காட்டுனது, பரவால்ல.

விரிசல் பாக்குறதுக்கு வெளிச்சத்துல வெச்சு நுனி ரெண்டையும் பாருங்க, அப்புறம் சுத்தியல் கைப்பிடியால தட்டுங்க, நல்ல கட்டை கணீர்னு கேக்கும், உள்ள வெடிப்பு இருந்தா சத்தம் செத்துப் போயிருக்கும். செத்த கணு, ஆடுற பட்டை, பூச்சி அரிச்ச இடம் இருக்கிற கட்டையெல்லாம் பாக்க அழகா இருக்கும், பின்னாடி ஒருநாள் பண்ணிக்கலாம். இப்ப அடுப்புக்கு.

மரவாடியில வாங்குனா பில் வாங்கி வெச்சுக்கோங்க. சந்தனம், செம்மரம், ஈட்டி மூணும் கையில பேப்பர் இல்லாம வீட்டுக்குள்ள நுழையக் கூடாது, துண்டு கட்டைன்னாலும்தான். "சின்ன பீஸ்தான் சார், யாரு கேக்கப் போறா"ன்னு விக்கிறவர் சொல்வார், கேக்குறப்ப அவர் இருக்க மாட்டார்.

5. மாட்டுறது

இங்க அவசரப்படாதீங்க, லேத்துல நடக்குற பெரிய விபத்துங்களுக்கு விதை இங்கதான் விழுது.

நீளக் கட்டைன்னா ரெண்டு நுனியிலயும் மூலைக்கு மூலை கோடு போட்டு நடுப்புள்ளி எடுத்து, அங்க ஆணிக் குழி மாதிரி ஒரு குத்து குத்திக்கோங்க. டிரைவ் சென்டரை (கட்டையைச் சுத்த வைக்கிற பல் முனை) மர சுத்தியலால கட்டையில அடிச்சு இறக்குங்க, லேத்துல மாட்டிட்டு அடிக்காதீங்க, பேரிங் போகும். டெயில்ஸ்டாக்கை (கட்டையோட மறுமுனையைத் தாங்குற நகர்ற தலை) கொண்டுவந்து பூட்டி, அதுல இருந்து வெளிய நீள்ற குழாயை, அதாவது குயில்லை, முடுக்கி, குயில் லாக்கையும் பூட்டுங்க. இந்த கடைசி லாக்கைத்தான் மறப்பாங்க. அஞ்சு நிமிஷம் ஓடுனதும் ஒரு தடவை நிறுத்தி திரும்ப முடுக்குங்க, மரம் அமுங்கி லூஸ் ஆகியிருக்கும்.

கிண்ணம் மாதிரி அகலக் கட்டைக்கு ஃபேஸ்பிளேட்டோ (கட்டையை ஸ்குரூ போட்டுப் பிடிக்கிற இரும்புத் தட்டு) சக்கோ. ஃபேஸ்பிளேட்டுக்கு ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற கருப்பு ஸ்குரூ போடாதீங்க, அது கெட்டியா இருக்கிற மாதிரி இருக்கும், பக்கவாட்டு அடியில பட்டுனு உடையும். தடிமனான மர ஸ்குரூ, கட்டைக்குள்ள முக்கால் இன்ச்சாவது இறங்கணும். சக்குன்னா, அது கவ்வுறதுக்குக் கட்டையில கடைஞ்சு விடுற குமிழ் பேரு டெனன். டெனன் அடி சக்கோட அடியில முட்டக்கூடாது, ஆனா கட்டையோட தோள் சக் தாடையோட மேல் முகத்துல முழுசா உக்காரணும். டெனன் அகலம் கிண்ண அகலத்துல அஞ்சுல ரெண்டு பங்கு இருந்தா நல்ல பிடி. எந்த முறையா இருந்தாலும் முடிஞ்ச வரைக்கும் டெயில்ஸ்டாக்கும் கொண்டுவந்து முட்டுக்கொடுங்க, அது ஓசியில கிடைக்கிற இன்சூரன்ஸ்.

சக் கீயை (சக்கை முடுக்குற சாவி) மாட்டுன கையாலயே எடுத்து பாக்கெட்ல போடுங்க. மேசை மேல கூட வேணாம், பாக்கெட்.

ரிவர்ஸ் ஸ்விட்ச் இருக்கிற மெஷின்னா இன்னொண்ணு. ரிவர்ஸ்ல ஓட்டுனா சக் த்ரெட்டுல இருந்து தானா கழண்டு வரும். சக்குல ஸ்பிண்டிலைப் பிடிக்கிற கிரப் ஸ்குரூ இருந்து அதை முடுக்குனாத்தான் ரிவர்ஸ், இல்லன்னா அந்த ஸ்விட்ச்சு மேல ஒரு டேப் ஒட்டிருங்க.

6. வேகம்: டயல் சொல்றதை நம்பாதீங்க

வேரியபிள் ஸ்பீடுன்னு பேரு இருந்தாலும் உள்ள ரெண்டு மூணு படி புல்லி இருக்கும். ஒரு மிடி (நடுத்தர) சைஸ் லேத்துல கிட்டத்தட்ட 250-ல இருந்து 700 ஆர்பிஎம் ஒரு படி, 600-ல இருந்து 1800 ஒரு படி, 1200-ல இருந்து 3800 இன்னொண்ணு. கவனிச்சீங்களா, பெல்ட் மூணாவது புல்லியில கிடந்தா டயலை அடியோட குறைச்சாலும் 1200. பெரிய கட்டையை மாட்டிட்டு "மினிமம்லதான் வெச்சிருக்கேன்"னு ஆன் பண்றவங்க மாட்டுறது இதுலதான். டிஸ்பிளே இருந்தா ஓடுனதுக்கு அப்புறம்தான் நம்பர் காட்டும், அப்ப லேட்டு. தினமும் முதல் வேலையா மூடியைத் திறந்து பெல்ட் எங்க இருக்குன்னு கண்ணால பாருங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. வேகமான படி புல்லியில வெச்சு டயலால வேகத்தைக் குறைச்சா மோட்டாருக்கு சுத்துற பலம் இருக்காது, உளி பட்டதும் திணறும், மோட்டாரோட ஃபேனும் மெதுவாவே சுத்துறதால சூடு ஏறும். பெரிய கட்டைக்கு வேகம் கம்மியான முதல் படிதான்.

எலக்ட்ரானிக் இல்லாம லீவர் வெச்ச பழைய ரக வேரியபிள் லேத்தும் செகண்ட்ஸ்ல கிடைக்குது, ரெண்டு கூம்பு புல்லி விரிஞ்சு சுருங்கி வேகம் மாத்துற ரகம். அதுல நேர்மாறா, மெஷின் ஓடுறப்ப மட்டும்தான் லீவரைத் தொடணும், நின்னுட்டிருக்கிறப்ப தள்ளுனா உள்ள உடையும். அதனால வேலை முடிச்சு நிறுத்துறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு வெச்சுட்டு ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா மறுநாள் பெரிய கட்டை மாட்டுறப்ப நேத்தைய வேகத்துலயே கிளம்பும்.

எவ்வளவு வேகம்? கடைசல்காரங்க வெச்சிருக்கிற கணக்கு: கட்டையோட விட்டம் இன்ச்சுல, அதை ஆர்பிஎம்-ஆல பெருக்குனா 6000-ல இருந்து 9000-க்குள்ள வரணும். 4 இன்ச்சுன்னா 1500-ல இருந்து 2250. 8 இன்ச்சுன்னா 750-ல இருந்து 1125. 12 இன்ச்சுன்னா 500-ல இருந்து 750. ஆனா இது உருண்டையா, பேலன்ஸா, விரிசல் இல்லாம இருக்கிற கட்டைக்கு. சதுரக் கட்டை, ஒருபக்கம் கனமான கட்டைக்கு இந்தக் கணக்கை மறந்துட்டு மெஷினோட குறைஞ்ச வேகத்துல ஆரம்பிங்க. புதுசா பண்றவங்க உருண்டையான பின்னாடியும் 6000 பக்கமே நில்லுங்க, அதுக்குக் கீழ போனாலும் குத்தமில்ல.

ஏன் இவ்வளவு பயமுறுத்துறேன்னா, 10 இன்ச் கட்டை 1000 ஆர்பிஎம்ல சுத்துறப்ப அதோட ஓரம் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அதே 3000-ல 140-ஐத் தாண்டும். வேகம் ரெண்டு மடங்கானா அது தூக்கிட்டு வர்ற சக்தி நாலு மடங்கு.

ஆன் பண்ற வரிசையை மனப்பாடம் பண்ணிக்கோங்க: கட்டையைக் கையால ஒரு முழு சுத்து சுத்தி எங்கயும் இடிக்கலன்னு பாக்கணும், லாக் எல்லாம் தொட்டுப் பாக்கணும், டயல் சைபர், ஷீல்டு கீழ, கட்டைக்கு நேரா இல்லாம ஒதுங்கி நிக்கணும், ஆன். அப்புறம் மெதுவா ஏத்துங்க. ஏத்துறப்ப மெஷின் ஆட ஆரம்பிச்சா அந்த இடத்துக்குக் கீழ கொண்டுவாங்க, ஏத்துனா ஆட்டம் போயிரும்னு சில பேர் சொல்வாங்க, சில வேகத்துல நிஜமாவே போகும், ஆனா கனம் ஒருபக்கமா இருக்கிறது போகல, இழுத்துட்டுத்தான் இருக்கும். கட்டைக்கு நேரான அந்தக் கோட்டுல உங்க வீட்டுப் பசங்க, பூனை, வேடிக்கை பாக்க வந்த மாமா யாரும் நிக்கக் கூடாது.

7. டூல் ரெஸ்ட்டும் உளியும்

டூல் ரெஸ்ட் கட்டைக்கு கால் இன்ச் தள்ளி, உயரம் கட்டையோட நடுவுக்கு கொஞ்சம் மேலயோ கீழயோ, உளியைப் பொறுத்து. நகத்தணும்னா மெஷினை நிறுத்திட்டு. கட்டை கரைஞ்சு இடைவெளி பெருசானா சோம்பேறித்தனப்படாம நிறுத்தி கிட்ட கொண்டுவாங்க, முனை ரெஸ்ட்டை விட்டு எவ்வளவு வெளிய நீளுதோ அவ்வளவு நெம்புகோல் கட்டை பக்கம் போகுது.

உளி தொடுற வரிசை: முதல்ல உளித்தண்டு ரெஸ்ட் மேல உக்காரணும், அப்புறம் உளியோட சாய்வு முகம் சுத்துற கட்டையில உரசணும், வெட்டாம வெறுமனே. அதுக்கப்புறம் கைப்பிடியை மெதுவா தூக்குனா முனை தானா கடிச்சு சீவல் வரும். இதை மாத்தி, முனையை முதல்ல காத்துல கட்டைக்குக் கொண்டுபோனா ரெஸ்ட்டு மேல அடிச்சு இறக்கும், விரல் நடுவுல இருந்தா விரலுக்கு. ஸ்கிரேப்பர் (சுரண்டுற உளி) மட்டும் விதிவிலக்கு, அதுக்கு கைப்பிடி கொஞ்சம் மேல, முனை கீழ பாத்து இருக்கணும்.

ரஃபிங் கவுஜ்னு அகலமா ஒண்ணு செட்டுல இருக்கும், அது நீளக் கட்டைக்கு மட்டும். கிண்ணத்துல வெக்கவே வெக்காதீங்க. அதோட வால் பகுதி மெல்லிசு, குறுக்கு நார்ல கடிச்சா கைப்பிடிக்குள்ளயே உடைஞ்சு எகிறும். பாக்க முரட்டு உளியா இருக்கு, முரட்டு வேலைக்குத்தான்னு நினைச்சு எடுக்குறவங்க அதிகம். அதே மாதிரி பழைய அரத்தை சாணை பிடிச்சு உளியா மாத்துறது நம்ம பக்கம் சகஜம். அரம் கண்ணாடி மாதிரி நொறுங்குற இரும்பு, வேகமான லேத்துல வேணாம். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) உளி வாங்குங்க.

சாணை பிடிக்கக் கத்துக்காம கடைசல் கிடையாது. கடையிறப்ப சீவல் வராம தூள் வர ஆரம்பிச்சா, கை அழுத்தம் குடுக்க ஆரம்பிச்சா, உளி மழுங்கிடுச்சு. நிறுத்துங்க, சாணை பிடிங்க, திரும்ப வாங்க.

8. முதல் வேலை சப்பாத்திக் கட்டை

கிண்ணம் பண்ணத்தான் எல்லாருக்கும் ஆசை. முதல்ல சப்பாத்திக் கட்டை பண்ணுங்க, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் பம்பரம். ரெண்டு பக்கமும் பிடிமானம் இருக்கு, நார் ஒரே திசையில ஓடுது, கெட்டுப்போனா விறகு. 2 இன்ச் சதுரம், ஒரு அடி நீளம், மூலைகளை இழைப்புளியால முதல்லயே தட்டிருங்க. குறைஞ்ச வேகத்துல ஆரம்பிச்சு, 600, 700 ஆர்பிஎம்ல உருட்டி, உருண்டையானதும் 1000, 1500 போதும்.

நீளக் கட்டையில எப்பவும் பருமனான இடத்துல இருந்து ஒல்லியான இடத்துக்கு இறங்குற மாதிரி வெட்டுங்க, ஏறு திசையில வெட்டுனா நார் பிரிஞ்சு உளியை இழுக்கும். கட்டையோட நுனியில இருந்து உள்பக்கமா நுழையாதீங்க, நடுவுல ஆரம்பிச்சு வெளிய போங்க. முனை சாய்வா இருக்கிற ஸ்க்யூ உளி வழுவழுன்னு வெட்டும்னு ஆசை காட்டுவாங்க, அதை இப்ப உறையிலயே வைங்க.

ஒரு மணி நேரம் ஓட்டுனா போதும். களைச்சு போனா மொதல்ல கால் நிக்கிற இடம் தப்பும், அப்புறம் கை.

9. கிண்ணத்துக்குப் போறப்ப

வெளிப்பக்கம் அடியில இருந்து வாய்ப் பக்கம், உள்பக்கம் வாயில இருந்து நடுவுக்கு, பவுல் கவுஜ்ல (கிண்ணத்துக்குன்னே வர்ற குழி உளி). உள்ள வெட்டுறப்ப நடுப்புள்ளிக்கும் உங்க பக்கத்து ஓரத்துக்கும் நடுவுல மட்டும் உளி இருக்கணும், அங்கதான் மரம் கீழ இறங்கி உளியை ரெஸ்ட்டு மேல அழுத்துது. நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போனா மரம் மேல ஏறுது, உளியைத் தூக்கி எறியும்.

பச்சை மரத்துல கிண்ணம் போட்டா ஒரே தடவையில முடிக்காதீங்க. 10 இன்ச் கிண்ணம்னா சுவர் 1 இன்ச் தடிமன் விட்டு நிறுத்தி, வெட்டு முனைகள்ல மெழுகோ ஃபெவிக்காலோ பூசி, காத்து நேரா படாத மூலையில வைங்க. ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம். மாசம் ஒரு தடவை எடை போட்டு அதுலயே பென்சிலால எழுதுங்க, எடை குறையறது நின்னா காஞ்சிருச்சு. காயுறப்ப கோணும், அதனால திரும்ப மாட்டுறப்ப அது பேலன்ஸ் இல்லாத கட்டைன்னே நினைச்சு பழையபடி குறைஞ்ச வேகத்துல ஆரம்பிக்கணும்.

10. தேய்க்கிறதும் பாலிஷும்

டூல் ரெஸ்ட்டைக் கழட்டி வெச்சுருங்க, இல்லன்னா விரல் அதுக்கும் கட்டைக்கும் நடுவுல மாட்டும். வேகத்தைக் குறைங்க. உப்புத்தாளை விரல்ல சுத்திக்காதீங்க, மடிச்சு நுனியில பிடிங்க. சப்பாத்திக் கட்டை மாதிரி நீளக் கட்டையில அடிப்பக்கமா வெச்சு தேய்ங்க, சிக்குனா உங்க பக்கம் வராம அந்தப் பக்கமா இழுத்துட்டுப் போகும். 120, 180, 240, 320 போதும்.

எண்ணெய், மெழுகு பூசுறதுக்கு துணி கூடாது, சுத்துற கட்டையில துணி சிக்குனா கையும் போகும். டிஷ்யூ பேப்பர் எடுங்க, சிக்குனா கிழியும், அதோட சரி. மரப் பொம்மைக்குப் பேர்போன கர்நாடகாவோட சென்னபட்டணாவுல அரக்குக் குச்சியை ஓடுற கட்டையில அழுத்தி, தாழை மடல் வெச்சு மெருகேத்துறாங்க. அங்கயும் துணியைச் சுத்துறதில்ல.

சப்பாத்திக் கட்டைக்கு தேங்காண்ணெய் பூசாதீங்க, சிக்கு வாடை அடிக்கும். ஃபுட் கிரேடு மினரல் ஆயில் வாங்குங்க. ஆளி விதை எண்ணெய் தொட்ட பேப்பர், துணி எதையும் கசக்கி குப்பைத் தொட்டியில போடாதீங்க, அது காயுறப்ப சூடாகி தானாவே தீப்பிடிக்கும். விரிச்சு வெளிய காயப்போட்டு, விறைப்பானதும் வீசுங்க. கீழ மரத்தூள் குவிஞ்சு கிடக்குற ஷெட்டுல இது விளையாட்டு இல்ல.

11. விக்கிற எண்ணம் வந்தா

பழகுற வரைக்கும் வீட்டு கனெக்‌ஷனே போதும். காசுக்கு விக்க ஆரம்பிச்சா ஈபி ஆபீஸ்ல டாரிஃப் மாத்தணுமான்னு போய் கேட்டு, சொல்றதை எழுத்துல வாங்குங்க. 2003 மின்சாரச் சட்டத்துல 126-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, வீட்டுக்குக் குடுத்த கரண்ட்டை வேற வேலைக்கு பயன்படுத்துனதா முடிவு பண்ணா அந்த வேலைக்கான டாரிஃப்ல ரெண்டு மடங்கு போட்டு வசூல் பண்ணலாம். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசாங்கப் பதிவு) ஆன்லைன்ல இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தா நீங்களே பண்ணிக்கலாம். யாராவது ஃபீஸ் கேட்டா அது அரசாங்க சைட் இல்ல, வெளிய வந்துருங்க.